அப்பாவுக்காகத் திருகோணமலையில் நிற்கிறேன்: கனடா பிஆரும் (நிரந்தர வதிவிடமும்) குடியுரிமையும் என்னாகும்?

உப்புவெளி மலர்:

எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளியில் அப்பா வீட்டில் இருந்து எழுதுகிறேன். கணவர் ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் ஸ்பொன்சர் செய்து 2021 ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோவில் இறங்கினேன். ஒரு பேக்கரியில் வேலை, பின்னேரம் ஆங்கில வகுப்பு என்று எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த நேரத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. 2024 பெப்ரவரி நடுவில் ஓடிவந்தவள், இன்னும் திரும்பவில்லை. இடையில் 2023-இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒரு மாதம் அளவில் வந்து போயிருக்கிறேன்.

அப்பாவுக்கு வலப்பக்கம்தான் இழுத்தது. இப்போது கைத்தாங்கலாகப் படலை வரை நடப்பார், பேச்சும் பாதி திரும்பிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவரைத் தூக்கி இருத்த அவவால் முடியாது. தம்பி கட்டாரில். அவனுடைய ஒப்பந்தம் முடிந்து அடுத்த வருடம், 2026 மே மாதம் வருகிறான். அவன் வந்ததும் நான் கிளம்புவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

ஊரில் ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். காளி கோயிலில் கண்ட மாமி ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போய்க் காலை வைத்துவிட்டு வந்தால் பிஆர் போகாது என்கிறார். டிக்கெட் போடுகிற தம்பி, பிஆர் கார்டில் திகதி இருக்கும் வரைக்கும் பயமில்லை, திகதி முடிந்தால் பிஆரும் முடிந்தது என்கிறான். கணவரின் சிநேகிதர் சொல்வது இன்னொரு விதம்: கணவர் போன வருடம் சிட்டிசன் எடுத்துவிட்டாராம், அதனால் நான் வெளியே நிற்கிற நாளும் உள்ளே நிற்கிற நாளாகத்தான் எண்ணப்படுமாம். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் பயம்.

என் கார்ட் 2026 டிசம்பர் வரை. மே மாதம் போனால் விமான நிலையத்தில் மறிப்பார்களா? அதைவிட எனக்குப் பெரிய கேள்வி, குடியுரிமைக்கு நான் ஏற்கெனவே இருந்த காலம் நிற்குமா, அல்லது திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா? பாஸ்போட் பெருமைக்காகக் கேட்கவில்லை. அது கையில் இருந்தால் அடுத்த முறை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒன்று என்றால் கலண்டரைப் பார்க்காமல் வந்து பக்கத்தில் இருக்கலாம். அவ்வளவுதான்.

நிலாவெளிக்காரன்:

அக்கா, அந்த ஆறு மாதக் கதை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கிரீன் கார்ட்காரர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் குடியுரிமைக்கான தொடர்ச்சி அறுந்ததாகப் பார்ப்பார்கள், ஒரு வருடம் தாண்டினால் திரும்ப உள்ளே போவதற்கே தனி அனுமதி முன்கூட்டி எடுத்திருக்க வேண்டும். நியூ ஜேர்சியில் யாருக்கோ நடந்ததை மாமி கனடாவுக்கு ஒட்டியிருக்கிறார். கனடாவில் கால் வைப்பதற்குக் கணக்கில்லை, இருந்த நாளுக்குத்தான் கணக்கு. மிச்சத்தை மார்க்கம் சிவா அண்ணை வந்து சொல்லுவார், அவர்தான் நாள் கூட்டிக் கழிப்பதில் மன்னன்.

மார்க்கம் சிவா:

மன்னனும் இல்லை ஒன்றும் இல்லை, உவர்மலையில் இருந்த காலத்தில் கச்சேரியில் கணக்கு எழுதிய பழக்கம். தங்கச்சி, நீங்கள் திகதிகளைத் தெளிவாகத் தந்திருக்கிறீர்கள், அதனால் பதிலும் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

பிஆரை வைத்துக்கொள்ள 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஒரே தொடராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் 2021 ஒக்டோபரிலிருந்து 2024 பெப்ரவரி வரை இருந்ததில் கலியாண மாதத்தைக் கழித்தால் ஏறக்குறைய 820 வரும். அதாவது முதல் 5 வருடத்துக்கான கடனை எப்போதோ கட்டிவிட்டீர்கள். மே மாதம் போனால் யாரும் மறிக்க முகாந்திரம் இல்லை. கார்டும் செல்லுபடியாக இருக்கிறது, விமானத்தில் ஏற்றுவார்கள்.

டிக்கெட் போடுகிற தம்பிக்கும் ஒரு வார்த்தை. கார்ட் முடிவதும் பிஆர் முடிவதும் வேறு வேறு. கார்ட் என்பது அத்தாட்சி மட்டும். அது காலாவதியானாலும் நீங்கள் பிஆர்தான், அதிகாரபூர்வமாக ஒரு முடிவு எழுதி எடுக்கும் வரைக்கும். ஆனால் வெளிநாட்டில் நிற்கும்போது கார்ட் முடிந்தால் விமானத்தில் ஏற முடியாது, பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்போது 730 நாளை அங்கேயே நிறுவ வேண்டியிருக்கும். புதுக் கார்டை உப்புவெளிக்குத் தபாலில் அனுப்ப மாட்டார்கள், கனடா முகவரிக்குத்தான் வரும்.

கணவரின் சிநேகிதர் சொன்னதில் பாதி உண்மை. குடியுரிமை உள்ள கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்தால் அந்த நாட்கள் 730-க்கு எண்ணப்படும். சேர்ந்து என்பதுதான் முக்கியம். அவர் ஸ்காபரோவில், நீங்கள் உப்புவெளியில். எண்ணப்படாது. அந்தச் சலுகை பிஆருக்கு மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். குடியுரிமைக் கணக்கில் அது கிடையாது, கணவர் கனடா இராணுவத்திலோ அரசாங்க வேலையிலோ வெளிநாட்டில் இருந்தாலொழிய.

இனித்தான் முக்கியமான இடம். குடியுரிமைக்கு, விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முந்திய 5 வருடத்துக்குள் 1095 நாள் வேண்டும். உங்களிடம் 820 இருக்கிறது, இன்னும் 275. மே மாதம் போய் ஒன்பது மாதம் இருந்தால் சரி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அப்படி வராது.

அந்த 5 வருடம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் முன்னே ஒன்று சேர, பின்னே ஒன்று கழன்றுபோகும். 2026 ஒக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் கழன்றுபோவது நீங்கள் கனடாவுக்கு வருவதற்கு முந்திய நாட்கள், அதனால் நட்டமில்லை. அதற்குப் பிறகு கழன்றுபோவது நீங்கள் அங்கே இருந்த நாட்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற மாதிரி, மேலே ஒரு செம்பு ஊற்ற அடியால் ஒரு செம்பு போய்விடும்.

மே நடுவில் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒக்டோபர் நடுவில் 820-உடன் 150 சொச்சம் சேர்ந்து 970 சொச்சம் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு நாளும் வெளியே போகாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாலும் தொகை அந்த மட்டத்தைவிட்டுப் பெரிதாக ஏறாது. கலியாணத்துக்கு வந்து நின்ற மாதம் கழன்றுபோகும்போது மட்டும் கொஞ்சம் ஏறும். 2029 பெப்ரவரிக்குப் பிறகு, நீங்கள் ஊரில் இருந்த நாட்கள் கழன்றுபோகத் தொடங்கும்போதுதான் மறுபடி ஏறும். 1095-ஐத் தொட 2029 மே ஆகிவிடும். கேட்டீர்களே, ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா என்று. மே மாதம் போனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதையே 2026 ஜனவரி முதல் கிழமை போய் இறங்கிப் பாருங்கள். ஒக்டோபர் நடுவில் 1095-ஐத் தாண்டி ஐந்தாறு நாள் கையில் இருக்கும். நாலு மாதம் முந்திப் போவதில் இரண்டரை வருடம் மிச்சம். ஐந்தாறு நாள் போதாது, இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்வது நல்லது, டிசம்பரில் போனால் மனதுக்கு நிம்மதி. நான் உங்கள் திகதிகளை நடு நடு என்று எடுத்துப் போட்டிருக்கிறேன். பாஸ்போட் முத்திரைகளைப் பார்த்து, குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள நாள் கணிப்பானில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

யாராவது 4 வருடம் வேண்டும் என்று சொன்னால் காதில் போடாதீர்கள். அது 2015 ஜூனிலிருந்து 2017 ஒக்டோபர் வரை இருந்த சட்டம். 6 வருடத்தில் 4 வருடம் கேட்டார்கள், பிறகு அதை 5-இல் 3 ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் அகப்பட்டவர்கள் இன்னும் அதே வயிற்றெரிச்சலோடு சொல்லித்திரிகிறார்கள்.

உப்புவெளி மலர்:

சிவா அண்ணை, இதை இரண்டு தரம் வாசித்தேன், பிறகு கணவருக்கு அனுப்பி அவரும் வாசித்தார். இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் பிஆர் போகுமா போகாதா என்பதிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆனால் ஜனவரியில் எப்படிப் போவது? தம்பி வர மே ஆகும். இடையில் நாலு மாதம் அப்பாவை யார் தூக்குவது? அப்பாவைப் பார்க்கத்தான் நின்றேன் என்பதற்கு ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எல்லாம். அதைக் காட்டி இந்த நாட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியாதா?

மார்க்கம் சிவா:

கேட்கலாம், ஆனால் வேறு கதவில். பிஆரைக் காப்பாற்றும் கணக்கில் 730 குறைந்தவர்களுக்கு மனிதாபிமானக் காரணம் காட்ட இடம் உண்டு. பெற்றோரின் வருத்தம், பார்க்க வேறு ஆளில்லை, கனடாவில் வீடு குடும்பம் இருக்கிறது, இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெளிநாட்டில் வைத்துப் பயண ஆவணத்தை மறுத்தால் 60 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அப்போது உங்கள் டயக்னோசிஸ் கார்டுக்கு மதிப்பு உண்டு, பத்திரமாக வையுங்கள். ஆனால் உங்களுக்கு அந்தத் தேவை வராது, 2027 ஜனவரிக்கு முதல் போய்விட்டால். அதைத் தாண்டினால்தான் 730-க்குக் கீழே இறங்குவீர்கள்.

குடியுரிமையின் 1095-க்கு அந்த மாதிரி இரக்கம் சாதாரணமாக இல்லை. ஆள் நாட்டுக்குள் இருந்தாரா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது, யோசியுங்கள். இப்போது செப்டெம்பர் நடு. இன்றிலிருந்து அடுத்த ஒக்டோபர் நடு வரைக்கும் 13 மாதம், அதில் 9 மாதத்துக்குச் சற்று மேல் நீங்கள் அங்கே இருந்தால் போதும். மிச்சம் நாலு மாதம் அளவு உங்கள் கையில். அதை இப்போதே தொடர்ந்து ஊரில் செலவழிக்க வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டாக உடைக்கலாம். ஒக்டோபர் கடைசியில் போய், தம்பிக்குக் கட்டாரிலிருந்து லீவு கிடைக்காத ஒரு நெருக்கடியில் ஒரு மாதம் வந்து நிற்கலாம். அல்லது ஜனவரி வரை நின்றுவிட்டு ஒரேயடியாகப் போகலாம். எது உங்கள் வீட்டுக்குத் தோது என்று எனக்குத் தெரியாது. அப்பாவை விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன், 2029 வரை பிஆராகவே இருப்பதிலும் குறை ஒன்றும் இல்லை. விலை என்னவென்று தெரிந்து முடிவெடுங்கள், அதற்காகத்தான் இவ்வளவும்.

ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு 1095 இருந்தால், அங்கேயே நிற்கும் வரை தொகை குறையாது. ஆகவே அன்றைக்கே ஓடிப்போய்க் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. ஊருக்கு வருவதற்கு முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அனுப்பிய பிறகு 1095 உறைந்துவிடும், ஆனால் சத்தியப்பிரமாணம் செய்யும் நாள்வரை 730 தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

சாம்பல்தீவு வாணி:

மலர் அக்கா ஸ்பொன்சரில் போனவர், அவருக்கு இது பொருந்தாது. ஆனால் இதை வாசிக்கிறவர்களில் அகதிக் கோரிக்கை வைத்துப் பிஆர் எடுத்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். நீங்கள் மேலே உள்ள கணக்கை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு நடந்ததால் சொல்கிறேன். அவர் 730-ஐ எப்போதோ தாண்டியவர். இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து, திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, கோணேசர் கோயிலுக்கும் போய்ப் படமெல்லாம் போட்டார். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பயணங்களைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு வேண்டாமென்று நீங்களே திரும்பப் போய்விட்டீர்கள் என்று அகதி நிலையை நீக்கக் கேட்டுக் கோப்பு திறந்தார்கள். 2012 டிசம்பருக்குப் பிறகு சட்டம் அப்படித்தான், அகதி நிலை இந்தக் காரணத்தில் நீக்கப்பட்டால் பிஆரும் கூடவே போய்விடும். அதற்கு மேல்முறையீட்டுப் பிரிவும் கிடையாது, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2022-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், அந்த ஆளுக்கு விளைவு தெரிந்திருந்ததா, ஏன் போனார், போன இடத்தில் எச்சரிக்கையாக இருந்தாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகு வாதாட இடம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் சட்டத்தரணிக்குக் கொட்டிய காசை அவரைக் கேட்டால் சொல்லுவார்.

குடியுரிமை எடுத்த பிறகு இந்தப் பயம் இல்லை. அதுவரைக்கும் இலங்கைப் பாஸ்போட்டைத் தொடுவதற்கு முதலே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சிவன்கோவிலடி:

நான் நொத்தாரிசு கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை செய்கிறேன். கனடாப் பக்கம் எனக்குத் தெரியாது, இந்தப் பக்கம் ஒரு விசயம். மலர், நீங்கள் கனடா குடியுரிமை எடுத்த அன்றோடு இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விடும். வேண்டுமானால் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், எடுக்க முதலும் கேட்கலாம், எடுத்த பிறகும் கேட்கலாம். அது பத்தரமுல்லையில், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் காணி. 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை, நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ முதுசமாகவோ போவதற்கும் விலக்கு உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே உள்ள காணியை யாரும் பறிக்க மாட்டார்கள். ஆனால் நிலாவெளிப் பக்கம் ஒரு துண்டு வாங்குகிற யோசனை இருந்தால், நீங்கள் இலங்கைக் குடிமகளாக இருக்கும்போதே உறுதியை முடித்துவிடுங்கள். பிறகு வந்து கந்தோரில் நின்று கோபப்படுகிறவர்களை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன்.

உப்புவெளி மலர்:

நிலாவெளியில் காணி வாங்கக் காசு இருந்தால் நான் ஏன் பேக்கரியில் நிற்கிறேன், அண்ணை! ஆனாலும் அப்பாவின் வீட்டு உறுதியைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும், நன்றி.

நேற்றிரவு தம்பியோடு கதைத்தோம். அவனுக்கு ஜனவரியில் ஒரு மாத லீவு எடுக்க முடியுமாம். பெப்ரவரியிலிருந்து மே வரைக்கும் பெரியம்மாவின் மகன் அன்புவழிபுரத்திலிருந்து இரவில் வந்து படுப்பான், பகலில் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைப்பது. அப்பாவிடம் சொன்னேன். வாயைக் கோணிக்கொண்டு, “போ, போ, போய் ஏதும் படி” என்றார். என்ன படிக்கிறதென்று தெரியவில்லை. டிசம்பர் கடைசிக்கு டிக்கெட் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று: வரிப் பத்திரம் மூன்று வருடம் காட்ட வேண்டும் என்கிறார்களே? 2022, 2023 போட்டேன். போன வருடம் ஊரிலேயே நின்றதால் உழைப்பே இல்லை. அதோடு ஆங்கிலத்துக்கு என்ன கேட்பார்கள்?

மார்க்கம் சிவா:

நல்ல ஏற்பாடு. வரி ஆகத் தலைவலியில்லாத விசயம். அந்த 5 வருடத்துக்குள் 3 வருடத்துக்குப் பத்திரம் போட்டிருக்க வேண்டும், போட வேண்டிய கடமை இருந்தால். கணவர் அங்கே, வீடு அங்கே. ஆகவே ஊரில் நின்ற காலத்திலும் வரித் திணைக்களம் உங்களை அங்கத்தைய ஆளாகவே பார்க்க நிறைய இடமிருக்கிறது. வருமானம் பூச்சியம் என்றாலும் 2024-க்கு ஒரு பத்திரம் போட்டுவிடுங்கள், ஏப்ரல் 30 கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், கட்ட வரி இல்லாவிட்டால் பிந்திய தண்டமும் இல்லை. 2021-க்கு இறங்கிய நாளிலிருந்து போட்டீர்களா என்று கணவரைக் கேளுங்கள்.

ஆங்கிலம் 18 முதல் 54 வயதுக்கு. பேசவும் கேட்டு விளங்கவும் கனடாவின் மொழித்தர அளவில் 4-ஆம் மட்டம் வேண்டும். நீங்கள் பின்னேரம் போன வகுப்பு அரசாங்கத்தின் லிங்க் வகுப்பென்றால் அந்த மட்டத்தை முடித்த சான்றிதழே போதும், தனிப் பரீட்சைக்குக் காசு கட்ட வேண்டாம். சான்றிதழ் ஸ்காபரோ வீட்டு அலுமாரியில் கிடக்கும், போனதும் தேடுங்கள். பிறகு அறிவுப் பரீட்சை, 20 கேள்வி, 15 சரி வர வேண்டும். அதற்கான புத்தகம் இணையத்தில் இலவசம், ஒலியாகவும் இருக்கிறது, அப்பாவுக்குக் கால் பிடித்துவிடும்போது போட்டுக் கேளுங்கள்.

ஒன்ராறியோ சுகாதாரக் கார்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு, உங்களுடையது நின்றிருக்கக் கூடும். இறங்கிய முதல் கிழமையே போய்ப் புதிதாகப் பதிந்துவிடுங்கள், டிசம்பர் குளிரில் காய்ச்சல் வர நேரமெடுக்காது.